கற்பூரவல்லி: இலையின் பயனும் அதன் எல்லையும்

மூத்தோருக்கான நலவாழ்வுப் பாடம்

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் பழைய வீடுகளின் வாசலில் துளசிச் செடிக்குப் பக்கத்தில் இன்னொரு பூச்சட்டியையும் காணலாம். தடித்த, மெத்தென்ற இலை. ஓரம் பல் பல்லாக இருக்கும். விரலால் கசக்கினால் ஓம வாசனை வரும். அதுதான் கற்பூரவல்லி. ஓமவல்லி என்றும் சொல்வோம். தோட்டத்து லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தவர்களும் ஒரு கிளையை ஒடித்து வந்து மாடத்தில் நட்டுவிடுவார்கள். இந்தச் செடி வேர் பிடிக்க அதிக நாள் ஆகாது.

சளி, இருமல், தொண்டைக் கரகரப்பு என்றால் பலர் முதலில் தேடுவது இந்த இலையைத்தான். "இதில் கிருமியைக் கொல்லும் மருந்து இருக்கிறது" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். அது உண்மையா? உண்மை என்றால், எந்த அளவுக்கு உண்மை? காலில் புண் வந்தாலும் இதை அரைத்துக் கட்டலாமா? பேரப்பிள்ளைக்குக் கொடுக்கலாமா? இந்தப் பாடம் இந்தக் கேள்விகளுக்கு விடை தருகிறது.

1. செடியை அறிவோம்

கற்பூரவல்லி, துளசி, புதினா ஆகியவை ஒரே குடும்பத்துச் செடிகள். தாவரவியலாளர்கள் இதைக் கோலியஸ் அம்பாய்னிகஸ் என்று அழைக்கிறார்கள். போர்த்துகீசியத் தாவரவியலாளர் லூரெய்ரோ 1790ஆம் ஆண்டில் இந்தப் பெயரைச் சூட்டினார். இந்தோனேசியாவின் அம்போன் தீவின் பெயர் அதில் இருக்கிறது. ஆனால் இந்தச் செடி காட்டுச் செடியாக இயற்கையில் வளர்ந்த இடங்கள் ஆப்பிரிக்காவின் கிழக்கு, தெற்குப் பகுதிகளும் அரேபியாவும் இந்தியாவும் ஆகும். வெயில் நிறைந்த, பாறைப்பாங்கான இடங்களில் அது தானாகவே முளைத்துப் படரும்.

மலாய் மொழியில் இதன் பெயர் 'பங்குன்-பங்குன்'. சுமத்ராவின் பாத்தாக் மக்கள் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு இந்த இலையைச் சமைத்துக் கொடுப்பது வழக்கம். கரீபியன் தீவுகளில் இறைச்சிக்கு மணமூட்ட இதைச் சேர்க்கிறார்கள். நாம் பஜ்ஜி சுடுகிறோம், துவையல் அரைக்கிறோம், ரசத்தில் போடுகிறோம். ஆகவே இது மருந்துச் செடி மட்டுமல்ல, சமையலறைச் செடியும்கூட.

பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கற்பூரவல்லி வேறு, சாமிக்கு ஏற்றும் கற்பூரம் வேறு. வாசனையை ஒட்டித்தான் செடிக்கு இந்தப் பெயர் வந்தது. கற்பூரக் கட்டியை விழுங்கினால் அது நஞ்சு. சிறு குழந்தைகளுக்குச் சிறிதளவு கற்பூரமே வலிப்பை உண்டாக்கிவிடும். அதை எக்காரணம் கொண்டும் மருந்தில் கலக்கக் கூடாது. பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

2. இலைக்குள் என்ன இருக்கிறது?

கற்பூரவல்லி இலையின் மேல் மெல்லிய ரோமங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றின் நுனியில் மிகச் சிறிய எண்ணெய்ப் பைகள் இருக்கின்றன. நாம் இலையைக் கசக்கும்போது அந்தப் பைகள் உடைகின்றன. உடனே மணம் வீசுகிறது. இந்த எண்ணெய் தேங்காய் எண்ணெயைப் போன்றதல்ல. காற்றில் எளிதில் ஆவியாகும் வாசனை எண்ணெய் இது.

இந்த எண்ணெயின் முக்கியப் பொருள்கள் இரண்டு. ஒன்று கார்வக்ரோல், மற்றொன்று தைமோல். இரண்டும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். இரண்டிலும் 10 கரிம அணுக்கள், 14 ஹைட்ரஜன் அணுக்கள், ஓர் ஆக்சிஜன் அணு உள்ளன. ஒரே பூக்களை வேறு வரிசையில் கோத்த இரண்டு மாலைகளைப் போல, அணுக்கள் அமைந்த இடம் மட்டும் சற்று மாறியிருக்கிறது.

இந்த இரண்டும் நமக்குப் புதியவை அல்ல. ஓமத்துக்கு அந்த வாசனையைத் தருவது தைமோல்தான். அதனால்தான் கற்பூரவல்லிக்கு ஓமவல்லி என்ற பெயரும் பொருந்துகிறது. தைம் என்னும் மேலைநாட்டு மூலிகையிலிருந்து தைமோலை 1719ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய வேதியியலாளர் நியூமன் பிரித்தெடுத்தார். இன்றும் வாய் கொப்பளிக்கும் மருந்துகள் சிலவற்றில் தைமோல் சேர்க்கப்படுகிறது. பீட்சாவின் மேல் தூவும் ஓரிகானோ இலையில் மிகுந்திருப்பது கார்வக்ரோல்.

இவற்றோடு காமா-டெர்பினீன், பாரா-சைமீன், பீட்டா-காரியோஃபிலீன் போன்ற பொருள்களும் உண்டு. இவற்றில் காமா-டெர்பினீன், செடி தைமோலையும் கார்வக்ரோலையும் உருவாக்கப் பயன்படுத்தும் மூலப்பொருள். பீட்டா-காரியோஃபிலீன் மிளகிலும் கிராம்பிலும் இருக்கிறது. இலையின் சாற்றில் ரோஸ்மரினிக் அமிலமும் உள்ளது.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, எல்லாச் செடியும் ஒன்றல்ல. ஓர் இடத்துச் செடியில் கார்வக்ரோல் மிகுந்திருக்கும், வேறோர் இடத்துச் செடியில் தைமோல் மிகுந்திருக்கும். மண், வெயில், பருவம், செடியின் வகை ஆகியவற்றைப் பொறுத்து அளவு மாறும். உங்கள் வீட்டு இலையும் பக்கத்து வீட்டு இலையும் ஒரே வலிமை கொண்டவை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, எண்ணெயின் அளவு மிகக் குறைவு. பச்சை இலையில் பெரும்பகுதி தண்ணீர்தான். எண்ணெய் நூற்றில் ஒரு பங்குகூட இராது. 10 கிராம் இலையை எடுத்தால், அதில் 0.1 கிராம் எண்ணெய்கூட இருக்காது.

3. கிருமியை இது எப்படித் தாக்குகிறது?

பாக்டீரியா என்பது கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிர். அதன் உடலைச் சுற்றிக் கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு உண்டு. தைமோலும் கார்வக்ரோலும் கொழுப்பில் எளிதில் கலப்பவை. அவை அந்தச் சவ்வுக்குள் புகுந்து அதைத் தளர்த்திவிடுகின்றன. ஓட்டை விழுந்த அரிசி மூட்டையைப் போல, கிருமியின் உள்ளே இருக்கும் பொட்டாசியமும் அது உயிர்வாழத் தேவையான ஆற்றல் பொருள்களும் வெளியே கசிந்துவிடுகின்றன. கிருமியின் வளர்ச்சி நிற்கிறது. அளவு போதுமானால் அது இறந்தும் விடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் இதை எப்படிச் சோதிக்கிறார்கள்? தீபாவளிக்கு நாம் செய்யும் அகார்-அகார் உங்களுக்குத் தெரியும். அதே அகாரைச் சத்துப் பொருளோடு கலந்து வட்டமான சிறு தட்டில் ஊற்றி உறையவைப்பார்கள். அதன்மேல் கிருமியைப் பரப்பி, நடுவில் மருந்தில் நனைத்த சிறு காகித வில்லையை வைப்பார்கள். மறுநாள் பார்த்தால் தட்டு முழுதும் கிருமி வளர்ந்திருக்கும். மருந்துக்கு வலிமை இருந்தால் வில்லையைச் சுற்றி மட்டும் ஒரு வெற்று வட்டம் தெரியும்.

கற்பூரவல்லி எண்ணெயை இப்படிச் சோதித்தபோது பல கிருமிகளுக்கு எதிராக அது வேலை செய்திருக்கிறது. தோலில் கொப்புளமும் சீழும் உண்டாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் அவற்றில் ஒன்று. ஆனால் எல்லாக் கிருமியும் ஒரே மாதிரி பணிவதில்லை. சில கிருமிகளுக்குச் சவ்வின் வெளியே இன்னொரு காப்புச் சவ்வும் உண்டு. ஆறாத புண்களில் அடிக்கடி காணப்படும் சூடோமோனாஸ் அப்படிப்பட்டது. இத்தகைய வாசனை எண்ணெய்களுக்கு அது எளிதில் மசியாது.

ஆகவே நம் பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை. இந்த இலையில் கிருமியை எதிர்க்கும் பொருள் இருப்பது உண்மை. ஆனால் பாடம் இத்துடன் முடியவில்லை.

4. தட்டு வேறு, உடல் வேறு

ஆய்வுக்கூடத் தட்டில் பிரித்தெடுத்த எண்ணெய் நேராகக் கிருமியின் மேல் படுகிறது. நாம் குடிப்பதோ நாலைந்து இலை ஊறிய தண்ணீர். அதிலிருக்கும் சிறிதளவு எண்ணெயும் வயிற்றுக்குப் போய், குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் வேறு வடிவத்துக்கு மாற்றப்பட்டு, சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. மிஞ்சியது ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தில் கலக்க வேண்டும். நுரையீரலிலோ காலிலோ இருக்கும் கிருமியைக் கொல்லத் தேவையான அளவு அங்கே போய்ச் சேராது.

ஒரு பழைய வரலாறு இதை நன்றாக விளக்கும். 1928ஆம் ஆண்டில் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் இப்படிப்பட்ட ஒரு தட்டில்தான் பெனிசிலினின் ஆற்றலைக் கண்டார். பூஞ்சணம் விழுந்த இடத்தைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருந்தன. ஆனால் அது ஊசி மருந்தாகி ஒரு நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது 1941ஆம் ஆண்டில்தான். ஆக்ஸ்ஃபர்டில், கடுமையான கிருமித் தொற்றால் படுத்திருந்த ஒரு போலீஸ்காரருக்கு அதைக் கொடுத்தார்கள். சில நாள்களில் அவர் நன்கு தேறினார். ஆனால் கையிருப்பு மருந்து தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரில் வெளியேறிய மருந்தைக்கூடத் திரும்பப் பிரித்தெடுத்துக் கொடுத்தார்கள். அதுவும் போதவில்லை. அவர் இறந்துவிட்டார்.

பெனிசிலினே ஆனாலும், அளவு போதவில்லை என்றால் உயிரைக் காக்க முடியவில்லை. மருந்து இருப்பது மட்டும் போதாது. சரியான அளவில், சரியான இடத்தில், தேவையான நாள்வரை அது இருக்க வேண்டும். மருத்துவர் தரும் கிருமிக்கொல்லி மாத்திரையை ஏன் சொன்ன நேரத்தில், சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சாதாரணச் சளியும் இருமலும் பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருகின்றன. அவை சில நாள்களில் தாமாகவே குறையும். கற்பூரவல்லித் தண்ணீர் குடித்த பிறகு சளி போனது என்றால், இலை கிருமியைக் கொன்றது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. சூடான நீரும் மணமும் தொண்டைக்கு இதமளித்தன. உடல் தன் வேலையைச் செய்தது.

5. வீட்டில் பயன்படுத்தும் முறை

சமையலுக்கும் சாதாரண இருமலில் இதமளிக்கவும் பெரியவர்கள் இந்த இலையைப் பயன்படுத்தலாம்.

• சாலையோரத்திலும் சாக்கடை ஓரத்திலும் வளர்ந்த இலையைப் பறிக்காதீர்கள். பூச்சி மருந்து தெளித்த இலையும் வேண்டாம்.

• இலையின் ரோமத்தில் தூசு தங்கும். ஓடும் குழாய் நீரில் இரு பக்கமும் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

• மூன்று அல்லது நான்கு இலைகளைக் கிள்ளிப் போட்டு, மேலே வெந்நீர் ஊற்றி, மூடி வையுங்கள். திறந்த பாத்திரத்தில் வெகுநேரம் கொதிக்கவைத்தால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும்.

• இனிப்பு நீர் உள்ளவர்கள் தேன், கற்கண்டு, பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை எதையும் சேர்க்க வேண்டாம். இவை எல்லாமே இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும்.

• ஆவி பிடிக்கும்போது கொதிநீர்ப் பாத்திரம் சாய்ந்து தீப்புண் ஏற்படலாம். மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

• கடையில் புட்டியில் விற்கும் வாசனை எண்ணெயைக் குடிக்காதீர்கள். நீர்க்காமல் தோலில் தடவவும் வேண்டாம். தைமோலும் கார்வக்ரோலும் செறிவாக இருக்கும்போது தோலையும் வாயையும் எரித்துப் புண்ணாக்கும்.

• இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுபவர்களும், சிறுநீரக நோய் உள்ளவர்களும் எந்த மூலிகைச் சாற்றையும் தினமும் குடிக்கத் தொடங்கும் முன் மருத்துவரையோ மருந்தாளரையோ கேளுங்கள்.

பூச்சட்டியின் அடித்தட்டையும் மறக்காதீர்கள். அதில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கி மிகுந்த மாநிலங்களில் சிலாங்கூரும் ஒன்று. வாரம் ஒரு முறை தட்டில் தேங்கிய நீரைக் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்.

6. இலையை நம்பிக் காத்திருக்கக் கூடாத மூன்று இடங்கள்

(அ) இனிப்பு நீர் உள்ளவரின் கால் புண்

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இந்த விகிதம் இன்னும் அதிகம்.

நீண்ட நாள் நீரிழிவு கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். இரத்த ஓட்டமும் குறையும். செருப்புக் கடித்ததோ முள் குத்தியதோ தெரியாது. வலி இல்லாததால் "சின்னப் புண்தானே, இலை அரைத்துக் கட்டினால் ஆறிவிடும்" என்று தோன்றும். ஆனால் அரைத்த பச்சை இலையில் மண்ணில் வாழும் கிருமிகளும் இருக்கலாம். ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் கிருமி மண்ணில் வாழ்வதுதான். கட்டின் உள்ளே ஈரமும் சூடும் சேர்ந்து கிருமி பெருகும். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே சீழ் எலும்புவரை இறங்கலாம். பிறகு விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வருகிறது.

புண்ணைச் சுத்தமான நீரில் கழுவுங்கள். சுத்தமான துணியால் மூடுங்கள். அன்றைக்கே கிளினிக் கெசிஹாத்தானுக்குச் செல்லுங்கள். புண் கறுத்தாலோ, நாற்றம் அடித்தாலோ, காலில் வீக்கமும் காய்ச்சலும் வந்தாலோ மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

(ஆ) ஒரு வயது நிறையாத பேரப்பிள்ளை

இலைச் சாற்றைத் தேனில் குழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவும் வழக்கம் நம்மிடம் உண்டு. அன்பினால் செய்வதுதான். ஆனால் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு தசைகளைத் தளர்த்தி, பால் குடிக்கவும் மூச்சு விடவும் முடியாமல் செய்துவிடும். தேனைச் சூடாக்கினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. கைக்குழந்தைக்கு இலைச் சாறும் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

(இ) இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல்

மலேசியாவில் ஆண்டுதோறும் 20,000-க்கும் மேற்பட்டோருக்குக் காசநோய் இருப்பது கண்டறியப்படுகிறது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். இலைத் தண்ணீர் தொண்டையை இதமாக்கி அந்த இருமலை மறைத்துவிடலாம். நோய் உள்ளே வளரும். வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றும். காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து மருந்து சாப்பிட்டால் குணமாகும். சளியில் இரத்தம், எடை குறைதல், மாலைக் காய்ச்சல், இரவில் வேர்வை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

7. கடையில் வாங்கும்போது

மாத்திரையாகவோ மருந்து நீராகவோ விற்கப்படும் பாரம்பரிய மருந்துகள் மலேசியாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெட்டியில் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளும் அதன்பின் எண்ணும், கடைசியில் 'டி' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அந்த எண்ணை வழங்குகிறது. பதிவு இல்லாத மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல முறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. சாப்பிட்டதும் வலியும் இழுப்பும் சட்டென்று குறைந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம், சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு இனிப்பு நீரை ஏற்றிவிடும், எலும்பையும் பலவீனமாக்கும். எண்ணைப் படிக்கச் சிரமமாக இருந்தால் பெட்டியை மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள்.

8. மருத்துவரிடம் சொல்லுங்கள்

"இலை மருந்து குடிக்கிறேன் என்றால் டாக்டர் திட்டுவார்" என்று பலர் மறைக்கிறார்கள். மறைக்க வேண்டாம். நீங்கள் எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று தெரிந்தால்தான் மருத்துவரால் சரியான மருந்து தர முடியும். தமிழ் தெரியாத மருத்துவரிடமும் தாதியிடமும் மலாய் மொழியில் இப்படிச் சொல்லலாம்:

• சாயா மீனும் ஆயேர் டாவுன் பங்குன்-பங்குன். (நான் கற்பூரவல்லி இலைத் தண்ணீர் குடிக்கிறேன்.)

• சாயா அடா கென்சிங் மானிஸ். காக்கி சாயா லூக்கா. (எனக்கு இனிப்பு நீர் இருக்கிறது. காலில் புண்.)

• சாயா சூடா டுவா மிங்கு பாத்தோக். (இரண்டு வாரமாக இருமல்.)

பெயரில் ஐயம் இருந்தால் ஓர் இலையைப் பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள்.

9. நினைவில் நிற்கிறதா?

கீழுள்ள கேள்விகளை வீட்டில் உள்ளவர்களோடு பேசிப் பாருங்கள்.

கேள்வி: கற்பூரவல்லியில் கிருமியை எதிர்க்கும் முக்கியப் பொருள்கள் யாவை?
விடை: தைமோல், கார்வக்ரோல்.

கேள்வி: தட்டில் கிருமியைக் கொன்ற பொருள் உடலிலும் கொல்லும் என்று ஏன் சொல்ல முடியாது?
விடை: இலைத் தண்ணீரில் அதன் அளவு மிகக் குறைவு. கல்லீரல் அதை மாற்றி வெளியேற்றிவிடும். கிருமி இருக்கும் இடத்துக்குப் போதிய அளவு சேராது.

கேள்வி: இனிப்பு நீர் உள்ளவரின் கால் புண்ணில் இலை அரைத்துக் கட்டலாமா?
விடை: கூடாது. கழுவி, மூடி, அன்றே கிளினிக்குக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குத் தேனில் கலந்து கொடுக்கலாமா?
விடை: கூடாது. ஒரு வயது நிறையும்வரை தேனே கொடுக்கக் கூடாது.

கேள்வி: எத்தனை நாள் இருமலுக்குப் பிறகு பரிசோதனை?
விடை: இரண்டு வாரம். சளியில் இரத்தம் வந்தால் உடனே.

வாசலில் இருக்கும் கற்பூரவல்லியைப் பிடுங்க வேண்டியதில்லை. நீர் ஊற்றி வளருங்கள். மழைநாள் மாலையில் பஜ்ஜி சுடுங்கள், தொண்டை கரகரத்தால் ஒரு குவளை இலைத் தண்ணீர் குடியுங்கள். புண்ணுக்கும் நீடித்த இருமலுக்கும் கைக்குழந்தையின் காய்ச்சலுக்கும் மட்டும் செடியிடம் போகாமல் கிளினிக்குக்குப் போங்கள். இந்தத் தாளைப் படித்த பிறகு பக்கத்து வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள்.